நாகசாகிக்குப் போக ஏற்ற மாதம் எது?

ஜப்பான் நாட்டுக்குச் செல்லும் பிரயாணிகளுக்கென்று அச்சிடப்படும் கையேடுகளில் ஒவ்வொரு நகரத்துக்கும் ஒரு சிறு பகுதி ஒதுக்கியிருப்பார்கள். எப்போது போகலாம், எப்போது போகக்கூடாது என்று அதில் இரண்டு மூன்று வரிகள் இருக்கும். நாகசாகியைப் பற்றி அவை பெரும்பாலும் ஒரே குரலில்தான் பேசுகின்றன. ஏப்ரல், மே மாதங்கள் நல்லவை, அக்டோபர், நவம்பர் மிகவும் நல்லவை, ஜூனில் மழை, ஆகஸ்டில் புழுக்கம், தவிர்ப்பது நலம். இவ்வளவுதான்.

உடல் சௌகரியத்தை மட்டும் பார்த்தால் இந்த ஆலோசனையில் தவறு ஒன்றுமில்லை. ஆனால் நாகசாகியின் சரித்திரத்தைக் கொஞ்சம் படித்த பிறகு நமக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. காற்றும் மழையும் மேகமும் இந்த நகரத்தின் விதியை நிர்ணயித்ததைப் போல உலகில் வேறு எத்தனை நகரங்களில் செய்திருக்கின்றன? அப்படிப்பட்ட ஊரை அதன் மிக இனிமையான நாட்களில் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் பார்த்ததாகுமா? அந்தச் சந்தேகத்தின் விளைவே இக்கட்டுரை.

முதலில் ஊர் எங்கே இருக்கிறது என்று தேசப்படத்தில் பார்த்துவிடுவோம். ஜப்பானின் நான்கு பெருந்தீவுகளில் தென்மேற்கில் உள்ளது கியூஷு. அதன் மேற்கு ஓரத்தில், கிழக்குச் சீனக் கடலை நோக்கி, கை விரல்களைப் போல நீண்டு கிடக்கும் நிலத்தின் நடுவில் நாகசாகி இருக்கிறது. நீளமாக உள்ளே நுழையும் ஒரு குடா. அதைச் சுற்றிலும் மலைகள். மலைச் சரிவுகளில் படிப்படியாக ஏறும் வீடுகள். சமவெளி மிகக் குறைவு. குடாவில் வந்து சேரும் ஆறுகளில் இரண்டை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பழைய நகரம் இருக்கும் பள்ளத்தாக்கில் ஓடுவது நாகாஷிமா ஆறு. வடக்கே உரகாமிப் பள்ளத்தாக்கில் ஓடுவது உரகாமி ஆறு. இரண்டுக்கும் நடுவே ஒரு மலைத்தொடர். இந்த மலைத்தொடரைப் பற்றிப் பின்னால் பேச வேண்டியிருக்கும்.

இந்த ஊரை உண்டாக்கியதே காற்றுதான் என்று சொல்லலாம். 1571ஆம் ஆண்டு வரை இது ஒரு சிறிய மீனவர் குடியிருப்பு. அந்த ஆண்டில் போர்த்துக்கீசியக் கப்பல் முதன்முதலாக இங்கே நங்கூரம் பாய்ச்சியது. அக்காலக் கப்பல்களுக்குப் பாய்தான் இயந்திரம். கோடையில் தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது மக்காவ் துறைமுகத்திலிருந்து புறப்பட்டால் சில வாரங்களில் நாகசாகி. காற்று திசை மாறி வடக்கிலிருந்து வீசத் தொடங்கிய பிறகுதான் திரும்ப முடியும். ஆகவே கோடையில் வந்த கப்பல் குளிர்காலம் தொடங்கும் வரை இங்கேயே காத்துக் கிடக்கும். மாதக்கணக்கில் காத்துக் கிடக்கிறவர்களுக்கு வீடு வேண்டும், சந்தை வேண்டும், கோயில் வேண்டும். அப்படித்தான் ஊர் வளர்ந்தது. நம் முத்துக்குளித்துறைக் கடற்கரையில் நடந்து நடந்து போதித்த புனித பிரான்சிஸ் சவேரியாரும் இதே காற்றைப் பிடித்துத்தான் ஜப்பானுக்குப் போனார். 1549 ஜூன் 24இல் மலாக்காவில் கப்பலேறி, தேவமாதாவின் விண்ணேற்புத் திருநாளான ஆகஸ்ட் 15இல் கியூஷுவின் தென்கோடியில் உள்ள ககோஷிமாவில் இறங்கினார். அவர் நாகசாகி என்ற ஊரைப் பார்த்ததில்லை. அப்போது பார்க்க அங்கே ஊரே இல்லை. ஆனால் அவர் மறுவருஷம் சென்ற ஹிராடோ தீவு இன்றைய நாகசாகி மாநிலத்தில்தான் இருக்கிறது.

போர்த்துக்கீசியர் வெளியேற்றப்பட்ட பின் 1641 முதல் டச்சுக்காரர்கள் தெஜிமா என்ற விசிறி வடிவச் செயற்கைத் தீவில் அடைபட்டு வாழ்ந்தார்கள். இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக மேலை நாட்டாருடன் ஜப்பான் வியாபாரம் செய்ய இருந்த ஒரே வாசல் இந்தத் தீவு. இவர்களுடைய கப்பலும் கோடைக் காற்றில் வந்து இலையுதிர் காலத்தில் கிளம்பும். தெஜிமாவில் அடைபட்டவர்கள் பொழுது போகாமலோ என்னவோ, 1819 முதல் வெப்பமானியையும் காற்றழுத்தமானியையும் பார்த்துக் குறித்து வைத்தார்கள். கருவிகளைக் கொண்டு ஜப்பானில் எடுக்கப்பட்ட மிகப் பழைய வானிலைக் குறிப்புகளில் இவையும் சேரும்.

இனி மாதங்களுக்கு வருவோம். மார்ச் கடைசி வாரத்தில் இங்கே செர்ரி மலர்கிறது. சாதாரணமாக 23ஆம் தேதி வாக்கில் முதல் பூ. பத்து நாட்களுக்குள் மரம் முழுதும் பூ. ஒரு நல்ல மழையோ காற்றோ வந்தால் அதோடு சரி. இதற்காகவே விமானச் சீட்டு வாங்குகிறவர்கள் பலர். நமக்கென்னவோ ஏப்ரல் மாதத்துப் பட்டங்கள்தாம் அதைவிடச் சுவையாகத் தோன்றின. நாகசாகியில் பட்டத்துக்கு ‘ஹாத்தா’ என்று பெயர். வாலில்லாத சதுரப் பட்டம். சிவப்பு, வெள்ளை, நீல நிறங்களில் டச்சுக் கொடியை நினைவூட்டும். தெஜிமாவுக்கு டச்சுக்காரர்களோடு வந்த கீழை நாட்டுப் பணியாட்களிடமிருந்து ஊரார் இதைக் கற்றுக்கொண்டார்கள் என்பர். கண்ணாடித் தூளைப் பசையோடு கலந்து நூலில் பூசி, மலைமேல் நின்று, எதிரியின் நூலை அறுப்பதுதான் விளையாட்டு. ‘மாஞ்சா’ என்று இங்கே நம் அண்ணன் தம்பிமார் செய்து அடி வாங்குகிற அதே காரியம்! ஏப்ரலில் சராசரி வெப்பம் 15, 16 டிகிரி. மே மாதத்தில் 20 டிகிரியை ஒட்டி இருக்கும். வடமேற்கே கண்டத்துப் பாலைவனங்களிலிருந்து மஞ்சள் தூசி பறந்து வந்து வானம் மங்கும் சில நாட்களைத் தவிர, குறை சொல்ல ஒன்றுமில்லை.

மே இறுதியில் மோகி என்ற கடலோரக் கிராமத்துச் சரிவுகளில் ‘பிவா’ பழுக்கத் தொடங்கும். வட இந்தியாவில் லோகாட் என்று விற்கும் மஞ்சள் பழம்தான். இம்மரம் மற்ற மரங்களைப் போலன்றிக் குளிர்காலத்தில் பூத்துக் கோடை முகப்பில் காய்ப்பது. ஆகையால் பனியும் பூச்சியும் படாமல் இளங்காய்களுக்குக் கையாலேயே காகித உறை மாட்டி வளர்க்கிறார்கள். செங்குத்தான சரிவில் நின்று ஆயிரக்கணக்கான உறைகளை மாட்டும் வேலையை எண்ணிப் பார்த்தால், கடையில் அதன் விலையைக் கேட்டு முகம் சுளிக்கத் தோன்றாது.

ஜூன் முதல் வாரத்தில் ‘த்ஸுயு’ என்னும் மழைக்காலம் வந்துவிடுகிறது. இச்சொல்லை ‘பிளம் மழை’ என்று பொருள்படும் இரண்டு எழுத்துகளால் எழுதுகிறார்கள். பிளம் பழுக்கும் பருவத்து மழை. வடக்கே கடல்மேல் குளிர்ந்த ஈரக்காற்று ஒரு பக்கம். தெற்கே பசிபிக் கடல்மேல் வெப்பமான ஈரக்காற்று மறுபக்கம். இரண்டும் சம பலத்தோடு ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கும் எல்லைக்கோடு வாரக்கணக்கில் ஜப்பானின் மேல் நகராமல் கிடக்கும். அந்தக் கோட்டை ஒட்டித்தான் மழை. ஜூலை 19 வாக்கில் தெற்குக் காற்று வென்று கோட்டை வடக்கே தள்ளிவிட்டால் மழைக்காலம் முடிந்து சுட்டெரிக்கும் கோடை. நாகசாகியில் ஆண்டு மழை சுமார் 1,900 மில்லிமீட்டர். இதில் ஜூனிலும் ஜூலையிலும் மாதத்துக்கு ஏறத்தாழ 290 மில்லிமீட்டர் கொட்டிவிடுகிறது.

கையேடுகள் வேண்டாம் என்று சொல்லும் ஜூன் மாதத்தில்தான் இந்நகரத்தின் மலர் பூக்கிறது. ஹைட்ராஞ்சியா என்று சொன்னால், கொடைக்கானலிலும் உதகையிலும் பழைய பங்களா முற்றங்களில் நீலக் கொத்துக்கொத்தாகப் பூத்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு விளங்கும். 1823இல் தெஜிமாவுக்கு மருத்துவராக வந்த சீபோல்ட் என்ற ஜெர்மானியர் இச்செடிவகை ஒன்றுக்கு ‘ஒதாக்ஸா’ என்று தாவர நூலில் பெயர் வைத்தார். ‘ஒதாகி-சான்’, அதாவது தாகி அம்மாள். அவருடைய ஜப்பானிய மனைவியின் பெயர் அது. 1828 செப்டம்பரில் ஒரு பயங்கரமான புயல் கியூஷுவைத் தாக்கியது. சீபோல்ட் ஊர் திரும்ப இருந்த கப்பல் கரையில் தூக்கி எறியப்பட்டது. அப்புயல் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. அதே சமயத்தில், வெளிநாட்டார் வைத்திருக்கக் கூடாத ஜப்பானியத் தேசப்படங்கள் அவரிடம் இருந்த குற்றம் வெளிப்பட்டு, மறுவருஷம் அவர் நாடு கடத்தப்பட்டார். தாகியும் மூன்று வயதுகூட நிரம்பாத மகள் இனேயும் நாகசாகியிலேயே நின்றுவிட்டார்கள். அந்தப் பெண் குழந்தை வளர்ந்து, ஐரோப்பிய மருத்துவம் பயின்ற முதல் ஜப்பானியப் பெண் என்று பெயர் பெற்றாள். டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்று கனவு காணும் மாணவியர் குசுமோதோ இனே என்ற அவள் பெயரைக் குறித்து வைத்துக்கொள்ளலாம். மழையில் நனைந்து நிற்கும் அந்த நீலப் பூக்களைப் பார்க்க வேண்டுமானால் குடையோடு ஜூன் முற்பாதியில் போக வேண்டும். வெயில் நாளில் அதன் அழகு பாதிதான்.

ஆனால் இதே மழை எமனாகவும் வந்திருக்கிறது. 1982 ஜூலை மாதத்தை நாகசாகி மக்கள் மறக்கமாட்டார்கள். அவ்வாண்டு மாதத் தொடக்கத்தில் மழை குறைவு. பத்தாம் தேதிக்குப் பிறகு பிடித்துக்கொண்டது. வானிலை நிலையம் அடுத்தடுத்து எச்சரிக்கை விடுத்தது. ஒவ்வொரு முறையும் பெரிய சேதம் ஒன்றும் நேராமல் போயிற்று. ‘புலி வருது’ கதைதான். எச்சரிக்கையைக் கேட்டுக் கேட்டு ஜனங்களின் காது மரத்துப்போயிற்று. ஜூலை 23 மாலை உண்மையாகவே புலி வந்தது. பக்கத்தில் உள்ள நாகாயோ என்ற ஊரில் ஒரு மணி நேரத்தில் 187 மில்லிமீட்டர்! ஒரு மணி நேர மழையில் ஜப்பான் நாடு கண்ட உச்ச அளவு அது. நகரத்தின் வானிலை நிலையத்தில் இரவு 7 மணி முதல் 10 மணிக்குள் 313 மில்லிமீட்டர். ஏற்கெனவே ஊறிப்போயிருந்த மலைச்சரிவுகள் வீடுகளோடு வழுக்கிக்கொண்டு இறங்கின. இறந்தவர்களும் காணாமற்போனவர்களுமாக 299 பேர். பெரும்பாலோர் வெள்ளத்தில் அல்ல, மண்சரிவில் மாண்டார்கள். நாகாஷிமா ஆற்றின் பழைய கற்பாலங்கள் ஆறு அடித்துக்கொண்டு போயின. ‘மூக்குக்கண்ணாடிப் பாலம்’ என்று பெயர் பெற்ற, 1634இல் சீனத் துறவி ஒருவர் கட்டுவித்த இரட்டை வளைவுப் பாலம் பாதி இடிந்தது. அதன் வளைவுகள் இரண்டும் நீரில் தெரியும் நிழலோடு சேர்ந்து மூக்குக்கண்ணாடி போல் இருப்பதால் அந்தப் பெயர். ஆற்றில் கிடந்த கற்களைத் தேடிப் பொறுக்கி மீண்டும் கட்டினார்கள். அடுத்த வெள்ளத்தில் பாலம் தப்ப வேண்டும் என்று ஆற்றின் கரையோரம் பூமிக்கடியில் மாற்றுக் கால்வாய்களும் வெட்டினார்கள். பாலத்தருகே நின்று புகைப்படம் எடுத்துக்கொள்கிறவர்களின் காலடியில்தான் அந்தக் கால்வாய் போகிறது.

இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அந்த இரவுக்குப் பிறகு ஜப்பானிய வானிலைத் துறையினர் ‘ஜனங்கள் கேட்கவில்லை’ என்று கையை விரித்துவிட்டு உட்காரவில்லை. சாதாரண எச்சரிக்கைக்கும், உயிருக்கே ஆபத்தான மழைக்கும் ஒரே வார்த்தையைச் சொன்னால் யார் கேட்பார்கள் என்று யோசித்து, பல ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டுமே பெய்யக்கூடிய மழை எந்த இடத்தில் பெய்கிறது என்று ஊர்ப் பெயரோடு உடனே அறிவிக்கும் தனி அறிவிப்பை 1983இல் தொடங்கினார்கள். இன்று ஜப்பானின் எந்த மூலையில் அந்த அறிவிப்பு ஒலித்தாலும், அதன் பின்னால் நாகசாகியின் அந்த ஒரு இரவு இருக்கிறது.

ஆகஸ்டும் செப்டம்பரும் தைபூன் என்னும் கடும்புயல்களின் காலம். 1991 செப்டம்பர் 27இல் வந்த 19ஆம் எண் புயல் நாகசாகி மாநிலத்துச் சசேபோ அருகே கரையேறியது. ஜப்பானில் புயல்களுக்குப் பெயரைவிட எண்ணே அதிகம் வழங்குகிறது. பிரயாணிகள் செய்ய வேண்டியது எளிது: ஒரு நாள் இரண்டு நாள் ரயிலும் கப்பலும் நிற்கலாம் என்று முன்கூட்டியே கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவே.

அக்டோபர் பிறந்தால் புயலும் புழுக்கமும் விலகி, வானம் கழுவி விட்டாற்போல் ஆகிவிடுகிறது. சராசரி வெப்பம் 20 டிகிரி. மாத மழை 100 மில்லிமீட்டர் அளவுதான். 333 மீட்டர் உயரமுள்ள இனாசா மலைமேல் இரவில் ஏறி நின்று, குடாவைச் சுற்றிச் சரிவெல்லாம் மினுக்கும் விளக்குகளைப் பார்க்க இதைவிட நல்ல காலம் கிடையாது. அக்டோபர் 7, 8, 9 தேதிகளில் சுவா ஆலயத்தின் ‘குஞ்சி’ திருவிழா. 1634இல் தொடங்கியது. ஏழு ஆண்டுகளுக்கு ஒரு முறை ஒவ்வொரு தெருவாருக்கும் முறை வரும். சீனர் மழை வேண்டி ஆடிய நாக நடனம், வெளிநாட்டுக் கப்பல் உருவில் செய்த கனத்த தேர், நீர் பீச்சும் திமிங்கிலம் என்று, கடல் வழியாக வந்ததெல்லாம் அதில் இருக்கிறது. நவம்பர் கடைசியில் மேப்பிள் இலை சிவக்கும். சௌகரியமாகப் போய்வர விரும்பும் குடும்பத்தாருக்கு நாமும் இம்மாதங்களையே சிபாரிசு செய்வோம். இதற்கு மேல் இதைப் பற்றிச் சொல்லக் கையேடுகளே போதும்.

குளிர்காலத்தைப் பற்றிச் சில வார்த்தைகள். சைபீரியாவிலிருந்து வடமேற்குக் காற்று வீசும். ஆனால் தெற்கேயிருந்து வரும் வெந்நீரோட்டம் கரையை ஒட்டி ஓடுவதால் கடுங்குளிர் இல்லை. ஜனவரிச் சராசரி 7 டிகிரி. பனிமழை சில நாட்கள் தூவும். தரையில் தங்குவது அபூர்வம். 2016 ஜனவரியில் 17 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பனி படிந்தபோது அது நூறாண்டுப் பதிவேட்டையே முறியடித்தது. இந்தக் குளிர் காற்றில்தான் 1597ஆம் ஆண்டு 26 பேர், பெரும்பாலோர் ஒரு காது வெட்டப்பட்டு, கியோத்தோவிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தூரம் பெரும்பாலும் நடந்தே கொண்டுவரப்பட்டு, பிப்ரவரி 5இல் நிஷிசாகா குன்றின்மேல் சிலுவைகளில் அறையப்பட்டார்கள். அவர்களில் லூயிஸ் என்ற சிறுவனுக்கு வயது 12, அந்தோணிக்கு 13, தோமாவுக்கு 14. நம் எட்டாம், ஒன்பதாம் வகுப்பு மாணவியரின் வயது. அந்த 26 பேரில் நம் நாட்டவரும் ஒருவர் உண்டு. பம்பாய்க்கு வடக்கே உள்ள வசையில் பிறந்த புனித கொன்சாலோ கார்சியா. ஜனவரியும் பிப்ரவரியும் ஆள் நடமாட்டம் குறைந்த மாதங்கள். கம்பளி உடுத்திக்கொண்டு அந்தக் குன்றின்மேல் ஏறினால், அவர்கள் எந்தக் காற்றில் நடந்து வந்தார்கள் என்று உடம்பே சொல்லிவிடும். 1981 பிப்ரவரி 26இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் இந்நகரத்து விளையாட்டு மைதானத்தில் திருப்பலி நிறைவேற்றிய அன்றும் பனி கொட்டியது. பல்லாயிரம் பேர் தலையிலும் தோளிலும் பனி படிய அசையாமல் நின்றார்கள்.

இப்போது, தவிர்க்கச் சொல்லப்படும் ஆகஸ்டு. பகல் வெப்பம் சராசரியாகவே 32 டிகிரியை எட்டும். காற்றில் ஈரம் மிகுதி. மலைகள் சூழ்ந்த கிண்ணத்தின் அடியில் காற்று ஓடாமல் நிற்பதால், எண்ணைவிட உடம்புக்கு அதிகமாகத் தெரியும். மதியத்துக்கு முன்பே கடலிலிருந்து ஏறும் ஈரம் வெள்ளை மேகக் குவியல்களாக மலைகளின்மேல் கட்டிக்கொள்ளும்.

1945ஆம் ஆண்டு ஆகஸ்டிலும் அப்படியேதான் இருந்தது. ஆறாம் தேதி ஹிரோஷிமாவின்மேல் அணுகுண்டு போட்ட அமெரிக்கர், இரண்டாவது குண்டை 11ஆம் தேதி போடத் திட்டமிட்டிருந்தார்கள். 10ஆம் தேதி முதல் ஐந்து நாட்களுக்கு வானிலை கெட்டிருக்கும் என்று அறிவிப்பு வந்தது. அதனால் நாளை முன்தள்ளி 9ஆம் தேதியாக்கினார்கள். அன்று காலை விமானம் தேடிச் சென்ற ஊர் நாகசாகி அல்ல. கியூஷுவின் வடக்கே உள்ள கோகுரா. கண்ணால் பார்த்துத்தான் குண்டு போட வேண்டும் என்பது கட்டளை. கோகுராவின்மேல் மூட்டமும், முந்திய நாள் குண்டு விழுந்து பக்கத்து ஊர் எரிந்த புகையும் சூழ்ந்து கிடந்தன. மூன்று முறை வட்டமிட்டும் இலக்கு தெரியவில்லை. பெட்ரோல் குறைந்துகொண்டே வந்தது. விமானம் தெற்கே திரும்பி நாகசாகிக்கு வந்தது. அங்கும் மேகம். கடைசி நேரத்தில் மேகத்தில் ஓர் இடைவெளி விழுந்தது. அந்த இடைவெளிக்குக் கீழே இருந்தது திட்டமிட்ட நகர மையம் அல்ல, அதற்கு ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் வடக்கே உரகாமிப் பள்ளத்தாக்கு. மணி 11.02.

உரகாமி எப்படிப்பட்ட இடம்? இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாகக் குரு ஒருவர்கூட இல்லாமல், ஜெபங்களை வாய்மொழியாகவே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து, விசுவாசத்தை ஒளித்துக் காப்பாற்றியவர்களின் ஊர். ஓவுரா ஆலயம் புதிதாகக் கட்டப்பட்ட சமயம், 1865 மார்ச் 17இல், பெத்திழான் என்ற பிரெஞ்சுக் குருவிடம் மெல்ல வந்து, தேவமாதாவின் சுரூபம் எங்கே என்று கேட்ட பெண்மணி உரகாமியைச் சேர்ந்தவள். பிறகு அந்த ஏழைக் குடியானவர்கள் செங்கல் செங்கலாகச் சேர்த்து எழுப்பிய பேராலயம் 1914இல் முடிந்தது. அதற்கு அரைக் கிலோமீட்டர் தொலைவில்தான் குண்டு வெடித்தது. விண்ணேற்புத் திருநாளுக்கு ஆயத்தமாக உள்ளே பாவசங்கீர்த்தனம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். உரகாமிக் கத்தோலிக்கர் சுமார் 12,000 பேரில் 8,500 பேர் மாண்டார்கள் என்பது கணக்கு. நகரம் முழுவதிலும் அவ்வாண்டு முடிவதற்குள் இறந்தவர்கள் ஏறத்தாழ 74,000. முதலில் குறிப்பிட்ட மலைத்தொடர் நடுவே நின்றதனால் நாகாஷிமாப் பள்ளத்தாக்கின் பழைய நகரம் ஓரளவு தப்பியது. மூக்குக்கண்ணாடிப் பாலமும் அப்படித் தப்பியதுதான். ஆனால் அன்றைய காற்று மேற்கிலிருந்து வீசி, நச்சுத் தூளை அம்மலைக்கு அப்பால் நிஷியாமாவுக்குக் கொண்டுபோயிற்று. அங்கே கறுப்பு மழை பெய்தது.

ஒரு மேகம் விலகாமல் இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. கோகுராவின்மேல் மூட்டம் இல்லாமல் இருந்திருந்தால் என்றும் உடனே நினைவு வருகிறது. அங்கும் பள்ளிக்கூடங்களும் குழந்தைகளும் இருந்தார்கள் அல்லவா? இந்த எண்ணத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் நிம்மதி கிடைப்பதில்லை.

ஆகையால் நாம் சொல்ல விரும்புவது இது. உடம்பு தாங்கக் கூடியவர்கள், நாகசாகிக்கு ஒரே ஒரு முறைதான் போக முடியும் என்றால், ஆகஸ்ட் 9ஐ உள்ளடக்கிப் போங்கள். அன்று காலை சமாதானப் பூங்காவில் நினைவுக் கூட்டம். மலரோடு தண்ணீரும் படைக்கிறார்கள். வெந்து புண்ணாகிய உடம்போடு கிடந்தவர்கள் கடைசியாகக் கேட்டது தண்ணீர்தான். அந்த மாதத்துத் தாகம் எப்படிப்பட்டது என்று அக்டோபரில் போகிறவர்களுக்குத் தெரியாது. 11.02க்குச் சங்கு ஊதும்போது எல்லாரும் எழுந்து மௌனமாக நிற்கிறார்கள். பக்கத்தில் சன்னோ ஆலயத்தில் கரிக்கட்டையாகிப் பின் துளிர்த்த இரண்டு கற்பூர மரங்கள் இன்று பெரிய நிழல் தருகின்றன. வெயிலுக்கு ஒதுங்க அவ்விடமே நல்லது. மாலையில் உரகாமிப் பேராலயத்தில் திருப்பலியும் தீவட்டிப் பவனியும் உண்டு. ஆகஸ்ட் 15 வரை தங்கினால், அந்த ஆண்டில் இறந்தவர்களின் வீட்டார் அலங்கரித்த ஓடங்களைத் தெருவில் இழுத்துச் செல்லும் சடங்கையும் காணலாம். துக்கச் சடங்குதான், ஆனால் வெடிச்சத்தம் நம் தீபாவளியைத் தோற்கடிக்கும். காதில் பஞ்சு வைத்துக்கொள்வது உத்தமம்.

வெள்ளை நூல் உடை, அகலமான தொப்பி, தண்ணீர்ப் புட்டி, மடக்குக் குடை இவை போதும். குடை வெயிலுக்கும் மழைக்கும் ஆகும். 2023இல் புயல் நெருங்கியதால் 60 ஆண்டுகளில் முதல் முறையாக நினைவுக் கூட்டத்தைக் கட்டடத்துக்குள் நடத்த நேர்ந்தது என்பதையும் மறக்க வேண்டாம்.

பேராலயம் 1959இல் திரும்பக் கட்டப்பட்டது. அதன் இரண்டு மணிகளில் ஒன்றுதான் 1945இல் இடிபாட்டிலிருந்து முழுதாகக் கிடைத்தது. அவ்வாண்டுக் கிறிஸ்துமஸ் இரவில் அதை மூன்று கழிகளில் கட்டித் தூக்கி அடித்தார்கள். மற்றொரு கோபுரம் எண்பது ஆண்டுகள் ஊமையாகவே இருந்தது. அமெரிக்கக் கத்தோலிக்கர் காசு சேர்த்து வார்ப்பித்துக் கொடுத்த புதிய மணி அதில் ஏற்றப்பட்டது. 2025 ஆகஸ்ட் 9 காலையில் நாகசாகியில் பலத்த மழை. மௌன நேரத்துக்குச் சற்று முன்பு மழை நின்றது. 11.02க்கு இரண்டு மணிகளும் சேர்ந்து ஒலித்தன.